பொறுக்கிச் சேர்த்த இங்கிலீஷ்

(ஆவடியை அடுத்த ஒரு படிப்பகத்தில், ஆய்வு மாணவர்களின் ஞாயிறு கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



கூப்பிட்ட தோழர் 'ஆய்வேட்டை இங்கிலீஷில் எழுதுவது எப்படி' என்று நோட்டீசில் போட்டுவிட்டார். அவ்வளவு பெரிய தலைப்புக்கு நான் ஆள் இல்லை. நான் இங்கிலீஷ் வாத்தியாரும் இல்லை. கல்லூரி முடிக்கிற வரைக்கும் தமிழ் மீடியம். எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு வேலை. ஏற்கெனவே படித்து முடித்த கட்டுரைகளுக்குள்ளே திரும்பப் போய்த் தேடி, நமக்கு வேண்டிய வாக்கியம் இங்கிலீஷில் இயல்பாக எப்படி வரும் என்று கண்டெடுக்கிற வேலை. கேட்டால் சின்ன சங்கதியாகத்தான் இருக்கும். இது தெரியாமலே ஆய்வை விட்டுட்டுப் போன ஒருத்தரை எனக்குத் தெரியும். அதனால்தான் வந்தேன்.

அவர் பெயர் வேண்டாம். ரெண்டு பேரும் இந்துக் கல்லூரி ஸ்டேஷனில் ஒரே வண்டி ஏறுவோம். அம்பத்தூர் எஸ்டேட்டின் காண்டிராக்ட் தொழிலாளிகளைப் பற்றி அவர் ஆய்வு. எந்த ஷெட்டில் எந்த மேஸ்திரி, யாருக்கு பி.எஃப். பிடிக்கிறான், பிடித்ததைக் கட்டுகிறானா என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. ஆறு நோட்டுப் புத்தகம் நிறையப் பேட்டி. முதல் அத்தியாயத்தை எழுதிக் கைடிடம் கொடுத்தார். சிவப்பு மையாகத் திரும்பி வந்தது. கடைசிப் பக்கத்தில் ரெண்டே வாக்கியம்: மொழி மிக மோசம், சிந்தனையில் தெளிவு இல்லை. கவனியுங்கள் தோழர்களே, முதல் வாக்கியத்துக்கும் இரண்டாவது வாக்கியத்துக்கும் நடுவில் ஒரு முற்றுப்புள்ளிதான் இருந்தது. அந்தப் புள்ளிக்குள்ளேதான் சாதி உட்கார்ந்திருந்தது. 'உனக்கு இங்கிலீஷ் வரலை' என்பது, 'உனக்கு மூளை இல்லை' என்பதாக ஒரே மூச்சில் மாறிவிடுகிறது. மூணு தடவை திருத்திக் கொடுத்தார். நாலாவது தடவை கொடுக்கவில்லை. பிறகு எந்த எஸ்டேட்டை ஆய்வு செய்தாரோ அதே எஸ்டேட்டில் ஸ்டோர்ஸில் வேலைக்குப் போனார்.

எனக்கும் அதே சிவப்பு மைதான் வந்தது. நான் எழுதியிருந்ததைச் சொன்னால் சிரிப்பீர்கள், சிரிக்கலாம். 'பேட்டி எடுத்தேன்' என்பதை 'ஐ டுக் இன்டர்வியூ' என்று எழுதியிருந்தேன். 'இதிலிருந்து தெரிய வருவது என்னவென்றால்' என்பதை 'ஃப்ரம் திஸ் வாட் வி கம் டு நோ இஸ்' என்று. இலக்கணப்படி பெரிய குற்றம் ஒன்றுமில்லை. ரென் அண்ட் மார்ட்டின் புத்தகத்தை முழுக்க மனப்பாடம் செய்தாலும் இது தப்பு என்று அது சொல்லாது. அப்ப எது தப்பு?

நம்ம தமிழையே எடுத்துக்குங்க. மழை பெய்யுது. வெயில் அடிக்குது. காத்து வீசுது. 'வெயில் பெய்யுது' என்று ஒருத்தன் சொன்னா மூணு வயசுக் குழந்தை சிரிக்கும். வெயிலுக்கு ஏன் அடிக்கிறதுதான் சேரும், பெய்யறது சேராது? எந்த இலக்கண நூலும் நமக்குக் கத்துக் கொடுக்கலை. பல்லாயிரம் தடவை காதுல விழுந்தது, அவ்வளவுதான். இங்கிலீஷிலும் அப்படியே. எந்தச் சொல்லோடு எந்தச் சொல் உறவாடும் என்று ஒரு பழக்கம் இருக்கிறது. அங்கே இன்டர்வியூவை 'எடுக்க' மாட்டார்கள், 'கண்டக்ட்' பண்ணுவார்கள். இது அறிவில்லை, தகுதியில்லை, திறமையில்லை. காதில் விழுந்த கணக்கு. அப்பா வக்கீலாகவோ பேராசிரியராகவோ இருக்கிற வீட்டில் அது சாப்பாட்டு மேசையிலேயே விழுகிறது. எங்க அப்பா லேத் பட்டறையில் டர்னர். எங்க வீட்டுக்கு வந்த இங்கிலீஷ் 'ஓவர்டைம்', 'லே ஆஃப்' ரெண்டும்தான். (ரெண்டாவது அடிக்கடி வரும்.) அப்ப நமக்குக் காது எங்கே இருக்கு? நாம் படித்த காகிதத்தில் இருக்கு. படித்த ஒவ்வொரு கட்டுரையும் ஒரு காது.

ஆரம்பத்தில் நான் நோட்டுப் போட்டேன். பட்டாபிராமிலிருந்து சென்ட்ரல் போக ஏறக்குறைய ஒரு மணி நேரம். அம்பத்தூரில் கூட்டம் ஏறுவதற்குள் ஜெராக்ஸ் தாளில் பென்சிலால் கோடு. ராத்திரி அந்தக் கோடு போட்ட வாக்கியங்களை நோட்டில் எழுதுவேன். கருத்துக்காக இல்லை, சொல் எப்படிச் சேர்ந்திருக்கு என்பதற்காக. பேட்டி என்றால் ஒரு பக்கம், புள்ளிவிவரம் என்றால் ஒரு பக்கம், மறுத்துப் பேசுவது ஒரு பக்கம். எங்க அம்மா கேட்டது: "என்னடா, அறுத்த கழனியில கதிர் பொறுக்கற மாதிரி பொறுக்கிட்டுக் கிடக்கற?" அதுதான் சரியான பெயர்.

இப்போது அந்த அவஸ்தை வேண்டாம். நீங்கள் படித்த பி.டி.எஃப். எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் போடுங்கள். வெறும் எழுத்துக் கோப்பாக மாற்றுங்கள். ஆன்ட்கான்க் என்று ஒரு மென்பொருள், டோக்கியோ வசேதா பல்கலைக்கழகத்தின் லாரன்ஸ் ஆன்டனி செய்தது, இலவசம். அதில் 'இன்டர்வியூஸ்' என்று தட்டினால், நீங்கள் படித்த எல்லாக் கட்டுரையிலிருந்தும் அந்தச் சொல் வருகிற வரியெல்லாம் ஒன்றன்கீழ் ஒன்றாக வந்து நிற்கும். தேடின சொல் நட்ட நடுவில், ரயில் தண்டவாளம் மாதிரி நேராக. இடது பக்கம் பார்த்தால் எந்த வினைச்சொல் முன்னால் வருகிறது என்று தெரியும். வலது பக்கம் பார்த்தால் 'வித்' வருகிறதா 'ஆஃப்' வருகிறதா என்று தெரியும். லேப்டாப் இல்லையா, கைபேசியில் ஒவ்வொரு பி.டி.எஃப்.பாகத் திறந்து தேடுங்கள். மெதுவாக நடக்கும், ஆனால் நடக்கும்.

ஒன்றும் வரவில்லை என்றாலும் அது பதில்தான். நான் 'எவிடன்ஸஸ்' என்று பன்மையில் எழுதிக்கொண்டிருந்தேன். தேடினேன், சைபர். 'ரிசர்ச்சஸ்' தேடினேன், கிட்டத்தட்ட சைபர். 'டிஸ்கஸ் அபௌட்', சைபர். நூறு ஆசிரியர்கள் சேர்ந்து ஒரு தடவைகூட எழுதாததை நான் பக்கத்துக்குப் பக்கம் எழுதியிருக்கிறேன். ஆனால் ஒரு எச்சரிக்கை: ஸ்கேன் பண்ணின பழைய பி.டி.எஃப். வெறும் படம். அதற்குள் எழுத்து இல்லை, தேடினாலும் சைபர்தான் வரும். அதை எழுத்தாக மாற்றாமல் அந்தச் சைபரை நம்பிவிடாதீர்கள்.

ஏன் கூகிளில் தேடக்கூடாது என்று ஒரு தம்பி போன கூட்டத்தில் கேட்டாராம். தேடலாம். ஆனால் அங்கே 'டிஸ்கஸ் அபௌட்' என்று போட்டாலும் மலைமலையாக வந்து கொட்டும். யார் எழுதினது, எதற்கு எழுதினது, ஒன்றும் தெரியாது. நீங்கள் படித்த கட்டுரை என்றால் அந்த ஆளை உங்களுக்குத் தெரியும். எந்த இடத்தில் நின்று யாரிடம் சண்டை போட்டு அந்த வாக்கியத்தை எழுதினார் என்பது தெரியும். இப்போது எல்லோரும் ஏ.ஐ.யிடம் கொடுத்து வழவழவென்று திருத்தி வாங்கிவிடுகிறார்கள். நானும் கொடுத்துப் பார்த்தேன். சேரிக்காரன், கொத்தடிமை, மலம் அள்ளுகிறவர் எல்லாரையும் 'விளிம்புநிலைச் சமூகங்கள்' என்ற ஒரே பொட்டலத்தில் கட்டிக் கொடுத்தது. அது எந்தக் குவியலிலிருந்து பொறுக்கினது என்று கேட்டால் சொல்லாது. என் குவியல் எனக்குத் தெரியும்.

இந்தத் தேடலில் நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. 'ப்ரூவ்' என்று தேடினேன். நான் ஒவ்வொரு அத்தியாயத்திலும் 'நிரூபித்துவிட்டேன்' என்று எழுதியிருந்தேன். என் குவியலில் சமூக அறிவியல் ஆட்கள் யாரும் அப்படி எழுதுவதே இல்லை. 'சஜஸ்ட்' என்கிறார்கள், 'இண்டிகேட்' என்கிறார்கள், சான்று பலமாக இருந்தால் 'ஷோ', ரொம்பத் துணிந்தால் 'டெமான்ஸ்ட்ரேட்'. ஒரு ஏணி மாதிரி. கையில் இருக்கிற சான்றின் எடைக்குத் தகுந்த படியில் நிற்கிறார்கள். முப்பது பேரைப் பேட்டி கண்டுவிட்டு மாவட்டம் முழுக்க நிரூபித்துவிட்டேன் என்று நான் சொன்னால், எதிரி ஒரே கேள்வியில் என்னைக் கீழே தள்ளிவிடலாம். சொல்லைத் தேடப் போய் வாதத்தைத் திருத்திக்கொண்டேன். அந்தச் சிவப்பு மை ஆசாமி இதைத்தான் 'சிந்தனையில் தெளிவு இல்லை' என்றாரா? இருக்கலாம். இதை ஒரு வார்த்தையில் சொல்லித் தந்திருக்கலாமே. அவருக்கு அவருடைய கைடு சொல்லித் தந்திருப்பார் அல்லவா.

இப்படிக் குவியல் சேர்த்துத் தேடுவது வெள்ளைக்காரன் சரக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். அமெரிக்காவில் பிரௌன் பல்கலைக்கழகத்தில், 1961-இல் அச்சான எழுத்துகளிலிருந்து பத்து லட்சம் சொல்லை எடுத்து முதலில் தொகுத்தார்கள். அதே அளவில் இந்திய இங்கிலீஷுக்கு ஒரு தொகுப்பு உண்டு. 1978-இல் இந்தியாவில் அச்சான எழுத்திலிருந்து 500 மாதிரி, ஒவ்வொன்றும் ஏறக்குறைய 2000 சொல். எஸ்.வி. சாஸ்திரி தலைமையில் செய்தார்கள். எங்கே? கோலாப்பூர் சிவாஜி பல்கலைக்கழகத்தில். 1902-இல் சாகு மகராஜ் அரசு வேலையில் பாதியைப் பிற்படுத்தப்பட்டோருக்கு ஒதுக்கினாரே, 1920-இல் அம்பேத்கரின் 'மூக்நாயக்' பத்திரிகைக்குப் பணம் கொடுத்தாரே, அதே கோலாப்பூர். தொடர்பு ஒன்றுமில்லைதான், எனக்கு அந்த ஊர்ப் பெயரைப் படித்ததும் சந்தோஷமாக இருந்தது, அவ்வளவுதான்.

சரி, திருட்டு விஷயத்துக்கு வருவோம். அடுத்தவன் வாக்கியத்தை எடுப்பது திருட்டு இல்லையா என்று கேட்பீர்கள். எஸ்டேட்டில் வேலை பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மெஷின் செய்கிறவன் ஒவ்வொரு தடவையும் போல்ட்டைப் புதுசாகக் கடைவதில்லை. ஸ்டோர்ஸில் எம் எட்டு, எம் பத்து என்று கிடக்கும், எடுத்து மாட்டுவான். போல்ட் பொது. டிராயிங் பொது இல்லை. இன்னொரு கம்பெனியின் டிராயிங்கை எடுத்தால்தான் திருட்டு. 'இந்த முடிவுகள் சுட்டுவது', 'இதற்கு மாறாக', 'ஆழ்நிலைப் பேட்டிகள் நடத்தப்பட்டன' இதெல்லாம் போல்ட். ஒருவர் கண்டுபிடித்த கருத்து, அவர் அடுக்கிய வரிசை, அவர் செய்த உவமை, அதெல்லாம் டிராயிங். பெயர் சொல்லாமல் தொடக்கூடாது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிகளே, தற்செயலாகப் பொருந்துகிற, பொதுவான சொற்றொடர்களை அடுத்தடுத்து 14 சொல் வரைக்கும் கணக்கில் விட்டுவிடுகிறது. மொத்தத்தில் பத்து சதவீதம் தாண்டினால்தான் தண்டனை ஆரம்பிக்கும். நான் பதினாலு வரைக்கும் போகமாட்டேன். நாலு, ஐந்து சொல்லுக்கு மேல் ஒரே ஆளிடமிருந்து எடுப்பதில்லை. ஒரே சேர்க்கை மூணு வெவ்வேறு ஆசிரியரிடம் இருந்தால்தான் அது போல்ட். ஒருத்தரிடம் மட்டும் இருந்தால் அது அவர் டிராயிங்.

இந்த இடத்தில் பாபாசாகேப்பைப் பேசாமல் முடியாது. 1913-இல் கொலம்பியா போகிறார். 1916 மே 9-ஆம் தேதி, கோல்டன்வைசர் நடத்திய மானுடவியல் கருத்தரங்கில் இந்தியாவில் சாதிகள் பற்றிய கட்டுரையைப் படிக்கிறார். அப்போது வயது இருபத்தைந்து. அதை எடுத்துப் பாருங்கள். செனார்ட், நெஸ்ஃபீல்ட், ரிஸ்லி, கேட்கர் என்று நாலு பேரின் வரையறையை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றிலும் எது சரி, எது போதவில்லை என்று சொல்லிவிட்டுத்தான் தன் கருத்துக்கு வருகிறார். அந்தத் துறையில் எப்படிப் பேசுவார்களோ அந்த முறையை அப்படியே கைப்பற்றி, அவர்கள் பேசாததைப் பேசினார்.

அவருடைய பேராசிரியர்களில் ஒருவர் ஜான் டூயி. டூயியின் ஜனநாயகமும் கல்வியும் பற்றிய புத்தகம் 1916-இல் வந்தது. அதில் 'எண்டாஸ்மாசிஸ்' என்று ஒரு சொல். தாவரவியல் சொல். ஒரு மெல்லிய சவ்வின் ஊடாகத் திரவம் உள்ளே கசிந்து போவது. டூயி அதைச் சமூகக் குழுக்களுக்குப் பொருத்தினார். அம்பேத்கர் அதைப் படித்தார், வைத்துக்கொண்டார். 1919-இல் சவுத்பரோ குழுவின் முன் சாட்சியம் சொல்லும்போது அந்தச் சொல்லை எடுக்கிறார். 1936-இல் 'சாதி ஒழிப்பு' எழுதும்போது மறுபடி எடுக்கிறார். ரெண்டுக்கும் நடுவில் பதினேழு வருஷம். அமெரிக்கப் பேராசிரியரின் புத்தகத்தில் ஜனநாயகத்தைப் பற்றிய சொல்லாக இருந்தது, இவர் கையில் ஊருக்கும் சேரிக்கும் நடுவில் ஒரு சொட்டும் கசியாது என்று காட்டுகிற கருவியாகிவிட்டது. அவருடைய பென்சில் கோடு போட்ட புத்தகங்கள் மும்பை சித்தார்த்தா கல்லூரியில் இருக்கின்றன. மேதை என்று கும்பிட்டுவிட்டுப் போய்விடுகிறோம், அந்தப் பென்சில் கோட்டைப் பார்ப்பதில்லை.

உண்மையையும் சொல்லிவிடுகிறேன். 'சாதி ஒழிப்பில்' டூயியைத் தன் ஆசிரியர் என்று பெயர் சொல்லி நன்றியோடு குறிப்பிடுகிறார். வேறு சில இடங்களில் டூயியின் சொற்கள் பெயரில்லாமலும் வருகின்றன. ஆய்வாளர்கள் இதை எழுதியிருக்கிறார்கள். அது மேடைக்காக எழுதிய உரை, லாகூரில் அந்த மேடையே இல்லாமல் செய்தார்கள், அவரே அச்சிட்டார். அந்தக் காலத்து வழக்கம் வேறு. நமக்கு அந்தச் சலுகை கிடையாது தோழர்களே. நம்ம ஆள் ஒருத்தன் ஒரு மேற்கோள் குறியை விட்டால், அவன் ஒருத்தனோடு போகாது, 'இவங்களே இப்படித்தான்' என்று ஆகிவிடும்.

கடைசியாக ஒன்று. இதைச் சொல்லத்தான் முக்கியமாக நினைத்தேன், நேரம் ஆகிவிட்டது.

என் ஆய்வு பஞ்சமி நிலம். 1891-இல் செங்கல்பட்டு கலெக்டர் ட்ரெமன்ஹீர் பறையர் நிலைமை பற்றி அறிக்கை எழுதினார். 1892-இல் அரசாணை வந்தது. அன்றைக்குப் பூந்தமல்லி, அம்பத்தூர் எல்லாம் செங்கல்பட்டு ஜில்லாதான். அந்த நிலத்தைக் கேட்டு 1994 அக்டோபர் 10-ஆம் தேதி செங்கல்பட்டில் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமசும் ஏழுமலையும் செத்தார்கள். எங்க அம்மா வழிப் பாட்டனுக்கும் பூந்தமல்லிப் பக்கம் அப்படி ஒரு துண்டு இருந்தது. இப்போது அதில் கல்யாண மண்டபம் நிற்கிறது.

நிலம் போனதை இங்கிலீஷில் எப்படி எழுதுவது? குவியலில் தேடினேன். 'லேண்ட் வாஸ் ஏலியனேட்டட்' என்று வந்து நின்றது, வரி வரியாக. அழகான, இயல்பான, யாரும் சிவப்பு மை வைக்க முடியாத இங்கிலீஷ். எழுதிவிட்டேன். அன்று ராத்திரி அம்மாவிடம் தமிழில் படித்துக் காட்டினேன்: நிலம் அந்நியமாக்கப்பட்டது. அம்மா கேட்டாங்க: "யார்ரா புடுங்கினது? தானா போச்சா?"

திரும்பப் போய் அதே சொல்லைத் தேடி, இந்தத் தடவை அதன் வலது பக்கத்தை மட்டும் பார்த்தேன். 'பை' என்று வந்து, அதற்கப்புறம் ஒரு ஆளின் பெயரோ சாதியின் பெயரோ வருகிற வரி எத்தனை? விரல் விட்டு எண்ணிவிடலாம். படித்த அறிஞர்கள், நம்மீது அனுதாபம் உள்ளவர்களும்தான், நிலத்தை ஆளில்லாமலே பறிகொடுத்திருக்கிறார்கள். 'அனுமதி மறுக்கப்பட்டது', 'குடிசைகள் எரிக்கப்பட்டன' எல்லாம் அதே கதை. நூறு பேர் எழுதினதால் அது இயல்பு. நூறு பேர் எழுதினதால் அது நியாயம் ஆகிவிடாது. குவியல் சொல்லுவது வழக்கத்தை மட்டும்தான். வழக்கம் யாருடையது என்று நாம்தான் கேட்கணும்.

பிறகு ட்ரெமன்ஹீரை எடுத்தேன். அவர் நம்ம ஆள் இல்லை, வரி வசூல் பண்ண வந்த அதிகாரி. ஆனால் நம்ம ஜனம் தரிசு நிலத்துக்கு மனுப் போட்டால் அதை எதிர்த்து நிற்பது மிராசுதார் என்று எழுதியிருக்கிறார். எழுவாய் இருக்கிறது. நூறு வருஷத்துக்கு முந்தின அந்த நடையை இன்றைக்கு எழுத முடியாது. நம்மைக் குறிக்க அவர் எழுதின சொல்லையும் எடுக்க முடியாது. அதனால் ரெண்டு ஃபோல்டர் வைத்துக்கொண்டேன்: போல்ட் எடுக்க இன்றைய கட்டுரைகள், ஆளைப் பிடிக்கப் பழைய ஆவணங்கள். மறுபடி தேடினதில் 'சீஸ்ட்', 'எங்க்ரோச்ட் அப்பான்' என்ற வினைகள் எழுவாயோடு கிடைத்தன. அதே இயல்பான, சிவப்பு மை வைக்க முடியாத இங்கிலீஷ். அத்தியாயத்தைத் திருத்தினேன். 'இந்த இடத்தில் செயப்பாட்டு வினைதானே வழக்கம்' என்று கேட்டார்கள். வரியை எடுத்துக் காட்டினேன், மூணு ஆசிரியர், மூணு பக்கம். விட்டுவிட்டார்கள்.

வேறென்ன. பென் டிரைவ் கொண்டு வந்தவர்கள் மென்பொருளை இப்போதே ஏற்றிக்கொள்ளலாம். என் கட்டுரைக் குவியலைத் தரமாட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் படிக்காத கட்டுரை உங்களுக்கு வேலை செய்யாது. ட்ரெமன்ஹீர் அறிக்கையை மட்டும் எல்லோருக்கும் பொதுவாக எழுத்துக் கோப்பாக மாற்றிக்கொண்டிருக்கிறேன். பழைய அச்சு, மென்பொருள் படிக்கத் திணறுகிறது, ஒவ்வொரு வரியையும் கண்ணால் பார்த்துத் திருத்த வேண்டியிருக்கிறது. பாதி ஆகியிருக்கிறது. வர்ற ஞாயித்துக்கிழமை காலையில் ரெண்டு பேர் வந்தால் மிராசுதார் வருகிற பக்கங்களையாவது முடித்துவிடலாம்.